காற்று வழி மாறிய பின் கார்புரேட்டரைச் சீர்செய்தல்

மலைப் பாதைகளிலும் காட்டு வழிகளிலும் ஆற்று மணலிலும் ஓட்டப்படும் மோட்டார் சைக்கிள்களில் இருவகை மாற்றங்களைச் செய்வது வழக்கமாக உள்ளது. நீரில் மூழ்காதவாறும் பாறையில் மோதாதவாறும் புகைக் குழாயை உயர்த்திக் கட்டி, சைலன்சரை மாற்றுவது ஒன்று. காற்று வடிகட்டியை அகற்றிவிட்டு, காற்று எளிதில் நுழையும் வேறொன்றைப் பொருத்துவது மற்றொன்று. இவற்றுக்குப் பின் வண்டி முதலில் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். சில நூறு கிலோமீட்டர் சென்றபின் என்ஜின் மிகையாகச் சூடேறுவதும், வால்வு கருகுவதும், பிஸ்டனின் தலை உருகுவதும் உண்டு. பட்டறை இல்லாத இடத்தில் பணிபுரியும் களப் பணியாளருக்கு இது சிறிய இடையூறன்று. இதன் காரணத்தையும் சீர்செய்யும் முறையையும் இங்கே காண்போம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. எனினும் அதற்கு முன் வாங்கப்பட்ட கார்புரேட்டர் வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

கார்புரேட்டர் எதை அளக்கிறது?

கார்புரேட்டர் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைத் தருகிறது என்று பொதுவாகச் சொல்வர். இது முற்றிலும் சரியன்று. அது உணர்வது அழுத்த வேறுபாட்டை மட்டுமே. மிதவைக் கிண்ணத்தின் மேற்பரப்பில் வெளிக்காற்றின் அழுத்தம் நிலவுகிறது. வெஞ்சுரி எனப்படும் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்வதால் அங்கே அழுத்தம் தாழ்கிறது. இவ்விரண்டின் வேறுபாடே பெட்ரோலை ஜெட்டின் துளை வழியே மேலே தள்ளுகிறது. துளையில் செல்லும் பெட்ரோலின் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கடி என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 2,000 முறை காற்றை உள்ளிழுக்கும். உருளை 80 சதவீதம் நிரம்புமாயின், உட்செல்லும் காற்று ஏறக்குறைய 550 லிட்டர். அதன் எடை சுமார் 650 கிராம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று என்ற விகிதத்தில், தேவையான பெட்ரோல் நிமிடத்துக்கு 50 கிராம். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள துளை இவ்வளவையும் தவறாமல் தர வேண்டும்.

இனி வடிகட்டியைக் கவனிப்போம். அது காற்றைச் சிறிது தடுக்கிறது. ஆகவே கார்புரேட்டரின் வாயிலிலேயே அழுத்தம் சற்றுக் குறைந்துவிடுகிறது. இக்குறைவு வெஞ்சுரியின் குறைவுடன் சேர்ந்து பெட்ரோலை இழுக்க உதவுகிறது. எடுத்துக்காட்டாக, வெஞ்சுரியின் பங்கு 200 மில்லிமீட்டர் நீர்மட்டம் எனவும், வடிகட்டியின் பங்கு 40 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். மொத்தம் 240. தடை குறைந்த வடிகட்டியைப் பொருத்தியதும் அதன் பங்கு 10 ஆகிவிட்டால், மொத்தம் 210. காற்றின் அளவு குறையவில்லை; ஆனால் பெட்ரோல் 6.5 சதவீதம் குறைகிறது. 13 பங்காக இருந்த காற்று 13.9 பங்காகிறது. கலவையின் செறிவு குறைந்துவிட்டது.

சைலன்சரை மாற்றுவதன் விளைவு வேறு வகையானது. எரிந்த வாயு எளிதில் வெளியேறினால் உருளையில் தங்கும் பழைய புகை குறையும். உயர்ந்த வேகங்களில் புதுக்காற்று கூடுதலாக நுழையும். குழாயில் முன்னும் பின்னும் செல்லும் அழுத்த அலைகளின் காலமும் மாறும். எனவே சில வேகங்களில் கலவை சரியாகவும் வேறு சில வேகங்களில் பிழையாகவும் இருக்கக் காணலாம்.

இன்றைய பெட்ரோல் இச்சிக்கலைக் கூட்டுகிறது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5 பங்கே போதும். மேற்கூறிய 13.9 என்ற விகிதம் தூய பெட்ரோலுக்குச் சற்றுச் செறிந்த கலவை. கலப்புப் பெட்ரோலுக்கோ செறிவு குறைந்த கலவை. முழு விசையில் செறிந்த கலவையே பிஸ்டனையும் வால்வையும் வெப்பத்திலிருந்து காக்கிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சீர்செய்யும் வரிசை

முதலில் பிற குறைகளை நீக்குக. வால்வு இடைவெளி, பற்றவைக்கும் நேரம், மிதவையின் மட்டம் ஆகியவை உற்பத்தியாளர் குறித்த அளவில் இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் உருளைத் தலைக்கும் இடையேயுள்ள இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கலாகாது. இணைப்பைச் சுற்றி மெல்லிய எண்ணெயைத் தடவும்போது என்ஜினின் வேகம் மாறுமாயின், அங்கே கசிவு உண்டு. புகைக் குழாயின் இணைப்பையும் சோதிக்க வேண்டும். அங்கே காற்று புகுந்தால் வேகத்தைக் குறைக்கும்போது வெடிப்பொலி எழும். அதைக் கலவையின் குறையெனத் தவறாகக் கருதிவிடக் கூடாது.

ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி ஆட்சி எல்லை உண்டு. ஸ்லைடு மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றையொன்று சற்றுத் தழுவி நிற்கும். ஆகையால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. மெயின் ஜெட்: பிற வண்டிகள் வாராத நேரான வழியில், என்ஜின் நன்கு சூடேறிய பின், முழு விசையில் ஓட்டிப் பார்க்க. விசையைச் சற்றே குறைக்கும்போது இழுவை கூடுமாயின் ஜெட் சிறியது. முழு விசையில் என்ஜின் கனத்துத் தடுமாறினால் ஜெட் பெரியது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் துளையின் பரப்பு சுமார் 7 சதவீதம் கூட வேண்டும், விட்டமோ 3.4 சதவீதம் கூடினால் போதும். அதாவது 1.10 மில்லிமீட்டர் துளைக்குப் பதில் 1.14 மில்லிமீட்டர். ஜெட்டுகளைச் சிலர் விட்டத்தாலும் சிலர் ஓட்ட அளவாலும் எண்ணிடுவதால், ஒரு தயாரிப்பின் எண்ணை மற்றொன்றுடன் ஒப்பிடலாகாது. ஐயமுள்ளவிடத்துப் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பானது.

2. பைலட் ஜெட்டும் திருகும்: நின்ற நிலையில் என்ஜின் சீராகவும் விரைவாகவும் சுழலும் இடத்தில் திருகை நிறுத்துக. சில கார்புரேட்டர்களில் இத்திருகு காற்றையும், சிலவற்றில் கலவையையும் ஆள்கிறது. இரண்டுக்கும் திருகும் திசை எதிரெதிரானது.

3. ஸ்லைடின் வெட்டு: விசையைத் தொடங்கும்போது என்ஜின் தும்முவதுபோல் ஒலித்தால் வெட்டுக் குறைந்த ஸ்லைடு வேண்டும். பெரும்பாலும் இதை மாற்ற நேராது.

4. ஊசி: பாதி விசையில் தயக்கம் இருந்தால், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றுக. ஊசி உயர்ந்து கலவை செறிவாகும். இதன்பின் பைலட் திருகை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க.

முடிவை ஸ்பார்க் பிளக்கைக் கொண்டு உறுதிசெய்யலாம். முழு விசையில் சிறிது தொலைவு ஓடியபின், கிளட்சைப் பிடித்து உடனே என்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் கலவை செறிவு மிக்கது. பீங்கான் வெள்ளையாகவோ கொப்புளங்களுடனோ இருந்தால் செறிவு குறைந்தது. ஈயமற்ற பெட்ரோலில் நிறம் பழைய நூல்களில் கூறப்படுவதைவிட வெளிறித் தோன்றும் என்பதை மறத்தலாகாது.

உயரத்தின் விளைவு

லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 70 சதவீதமே. கார்புரேட்டர் தரும் கலவையின் செறிவு, அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறுவதால், சமவெளியில் சீர்செய்த வண்டியின் கலவை அங்கே ஏறக்குறைய 19 சதவீதம் செறிவு மிகும். கரும்புகை எழும், இழுவை குறையும், ஆயினும் என்ஜினுக்கு உடனடிக் கேடு இல்லை. இதற்காக அங்கே சிறிய ஜெட்டைப் பொருத்தியவர், இறங்கும்போது பழையதைத் திரும்பப் பொருத்தத் தவறினால் ஆபத்து விளையும். ஏற்றத்தில் நேரும் பிழை புகையாகக் கண்ணுக்குத் தெரியும். இறக்கத்தில் நேரும் பிழை வெப்பமாக உள்ளே மறைந்திருக்கும்.

மேலும் சில எச்சரிக்கைகள்

வடிகட்டியே இன்றி ஓட்டுவதை எந்தச் சீர்செய்தலும் ஈடுசெய்யாது. மண்தூசியிலுள்ள சிலிக்காத் துகள்கள் உருளையையும் பிஸ்டன் வளையங்களையும் விரைவில் தேய்த்துவிடும். சைலன்சரை முற்றிலும் அகற்றுவது மோட்டார் வாகன விதிகளுக்கு முரணானது. 2000க்குப் பின் தயாரான நான்கடி இருசக்கர வண்டிகளுக்கு, பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள் நீங்கலாக, நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடின் உச்ச அளவு 3.5 சதவீதமாகும். புகைச் சோதனை நிலையத்தில் கிடைக்கும் இந்த எண்ணே பைலட் திருகு சரியாக உள்ளதா என்பதற்கு நல்ல சான்று.

ஆசிரியர்களுக்கு

இத்தத்துவத்தை வகுப்பில் எளிதில் விளக்கலாம். நீருள்ள குவளையில் ஓர் உறிஞ்சு குழலை நேராக நிறுத்தி, மற்றொரு குழலால் அதன் மேல்வாய்க்குக் குறுக்கே வேகமாக ஊதினால், நீர் உயர்ந்து துளிகளாகத் தெறிக்கும். பட்டறை வசதியுள்ள பள்ளிகளில், ஒளி ஊடுருவும் குழாயை வளைத்து நீர் நிரப்பி, ஒரு முனையைக் காற்றுப் பெட்டியுடன் இணைத்து என்ஜினை ஓட்டலாம். குழாயைச் சற்று நெருக்கிப் பிடித்தால் நீரின் துடிப்பு அடங்கும். தூய வடிகட்டி, தூசி படிந்த வடிகட்டி, வடிகட்டி இல்லாத நிலை ஆகிய மூன்றிலும் நீர்மட்ட வேறுபாட்டை மாணவர் அளந்து, பெட்ரோலின் அளவு எந்த விகிதத்தில் மாறும் என்று தாமே கணக்கிடட்டும். காற்று வழியின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் ஜெட்டையும் நோக்க வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கு ஐயமின்றி விளங்கும்.