திரும்பும் வழி

சிரஞ்சீவி ரகுவுக்கு மாமா எழுதிக்கொள்வது.

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. வீட்டுக் கொட்டகையிலேயே லோட்டஸ் செவன் மாதிரிக் கார் ஒன்றைப் பூட்டி, அதை நான்கு சக்கரங்களின் மேல் நிற்கவும் வைத்துவிட்டாய் என்று கண்டு உன் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. 1957-இல் கோலின் சாப்மன் லோட்டஸ் செவனைப் பாகங்களாக விற்க முற்பட்டதற்கு, முழுக் காரின் மேல் இங்கிலாந்தில் விதித்திருந்த கொள்முதல் வரியிலிருந்து தப்பும் சாமர்த்தியம் ஒரு முக்கிய காரணம்; அந்த வரி 1973-இல் ஒழிந்துபோன பின்னரும், கொட்டகையில் கார் கட்டும் ஆசை மட்டும் அங்கே ஒழியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது.

நிற்க, நீ எழுதியிருக்கும் இரண்டு உபத்திரவங்களுக்கு வருகிறேன். எத்தனை தடவை காற்று எடுத்தாலும் பெடல் மெத்தென்றே அமுங்குகிறது என்பது ஒன்று. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுங்குகிறது என்பது மற்றொன்று. யந்திரத்தில் கை வைக்கிற இளைஞர்கள் எல்லோரும், விசை எங்கே போகிறது, மின்சாரம் எங்கே போகிறது என்று போகும் வழியைத்தான் சிரத்தையோடு பார்க்கிறார்களே தவிர, போனது எதுவோ அது எவ்வழியாகத் திரும்பும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை என்பது, பட்டறையிலும் வகுப்பறையிலும் காலம் கழித்த எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் பெடல். நீ அனுப்பிய படத்தில் முன் சக்கரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காற்று எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. இடது காலிப்பரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டியிருக்கிறாய். போல்ட் துவாரங்கள் இரண்டு பக்கமும் பொருந்திவிடுவதால் இந்தப் பிசகு சுலபமாக நேர்ந்துவிடும். காற்று மேலேதான் தங்கும். கீழே இருக்கும் நிப்பிளை நாள் முழுவதும் திறந்து மூடினாலும் ஆயில் வருமே ஒழியக் காற்று வராது. இரண்டையும் கழற்றி இடம் மாற்று. ஹோஸ் சேருமிடத்தில் பழைய செம்பு வாஷரைப் போடாதே, புதிது போடு. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். ஆகையால் திறந்து நாளான டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றிச் சிக்கனம் பார்க்காதே. பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

பெடல் இறுகிய சந்தோஷத்தில் நீ மறந்துவிடக் கூடிய விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாஸ்டர் சிலிண்டர்களில், பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி நிற்கும்போது மட்டுமே, மேலே ஆயில் டப்பாவுக்குப் போகும் ஊசித் துவாரம் ஒன்று திறந்திருக்கும். சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பெடல் ஆடக் கூடாது என்று புஷ் ராடை நீ முழுக்க இறுக்கிவிட்டாயானால், பிஸ்டன் அந்தத் துவாரத்தை அடைத்துக்கொண்டு, திரும்ப வழியில்லாத ஆயில் பேடுகளை டிஸ்கோடு அழுத்த, உரசலினால் சூடும் சூட்டினால் மேலும் விரிவுமாகச் சென்று, சில மைல்களுக்குள் நீ கால் வைக்காமலேயே கார் தானாகப் பிடித்துக்கொள்ளும். டப்பா மூடியைத் திறந்துவைத்துப் பெடலைக் கையால் மெல்ல அமுக்கு. முதல் அசைவிலேயே ஆயிலின் மேற்பரப்பு துள்ளினால் துவாரம் திறந்திருக்கிறது என்று பொருள். அது தெரியும்வரை புஷ் ராடைத் தளர்த்து.

குழாய்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; முனையை விரிக்கும் முன் நட்டைக் கோத்துக்கொள், மரையில் டெஃப்லான் நாடா சுற்றாதே. அங்கே கசிவை அடைப்பது விரித்த முனையே, மரை அல்ல.

இனி விளக்கு. உன் காரின் பின் மட்கார்டுகள் ஃபைபர் கிளாஸ். அதில் மின்சாரம் ஓடாது. எனவே ஒவ்வொரு பின் விளக்குக்கும் தனியாக ஒரு கறுப்பு ஒயர் சேசிஸ் வரை வர வேண்டும். நீ அதை இழுத்திருக்கிறாய், ஆனால் பவுடர் கோட்டிங் பூச்சின் மேலேயே ஒயர் முனையின் லக்கை வைத்து முடுக்கியிருக்கிறாய் என்று ஊகிக்கிறேன். திரும்ப வழி கிடைக்காத மின்சாரம், பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாக நுழைந்து, வேறு எங்காவது எர்த்தைத் தேடிப் போகிறது; நீ காணும் மங்கலான வெளிச்சம் அதுவே. பல்பை மாற்றிப் பிரயோஜனமில்லை. மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் நெகடிவிலும், மற்றொன்றை விளக்கின் எர்த் முனையிலும் வைத்து, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல். முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது என்று தீர்மானித்துக்கொள். லக் உட்காருமிடத்தில் பளபளக்கும் உலோகம் தெரியச் சுரண்டி, முடுக்கி, துருப் பிடிக்காமல் கிரீஸ் தடவு.

ஃபியூஸை பாட்டரிக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வை. அது இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஃபியூஸுக்கும் பாட்டரிக்கும் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் ஏதும் கிடையாது. உன் காரில் ஒயர்கள் நடுச் சுரங்கத்தில் சுழலும் புரொபெல்லர் ஷாஃப்டை ஒட்டிச் சென்று, பெட்ரோல் டாங்க் இருக்கும் பின்புறத்தில் முடிகின்றன. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் ரப்பர் குரோமெட் போட்டாயா என்று விரல் விட்டுத் தடவிப் பார். சாலைக்கு எடுக்கும் முன் அங்கே நடக்கும் ஐ.வி.ஏ. பரிசோதனையில் பரிசோதகர் இவற்றைப் பார்ப்பார்தாம். ஆயினும் அவர் கண்ணுக்கு விட்டுவைக்காதே.

இதெல்லாம் முடிந்த அன்றிரவு, ஒரு மரக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து, பெடல் அமுங்கியபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போ. பிரேக் லைட் இரவெல்லாம் எரிந்து பாட்டரியைத் தீர்த்துவிடும், ஆகையால் முதலில் அதன் நெகடிவைக் கழற்றிவிடு. காலையில் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, எங்கே ஈரம் கண்டாய் என்றும், மீட்டர் என்ன காட்டிற்று என்றும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை விரும்பும் மாமா