விருந்து வைப்பவருக்கும் ஒரு நாற்காலி

இரவு எட்டு மணிக்கு வாருங்கள் என்று பாரிஸில் ஒரு வீட்டில் அழைத்தால், எட்டேகால் வாக்கில் போய் மணி அடிப்பதுதான் மரியாதை. ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பதை அங்கே யாரும் மெச்ச மாட்டார்கள். அந்தக் கால் மணி நேரம் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுப்பது. அடுப்பை அணைத்து, கை கழுவி, உடை மாற்றி, ஒரு நிமிடம் உட்கார அவருக்கு அது வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கோ புத்தாண்டுக்கோ பிரெஞ்சு பாணியில் விருந்து வைக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல பீங்கான் தட்டும் உயர்ந்த காம்புள்ள கண்ணாடிக் கோப்பையும் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. விருந்து வைப்பவர் விருந்தினரோடு உட்கார்ந்து, முதல் கோப்பையிலிருந்து கடைசிக் காபி வரை கூடவே சாப்பிட வேண்டும். எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் மீதியை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒன்றே பெரிய மாற்றம். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்கு ஒத்தாசை.

பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாட்டை 2010-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் வரிசையையும் குறிப்பிட்டார்கள்: முதலில் அபெரிதீஃப் என்னும் பானம், பிறகு முன்னுணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, சீஸ், இனிப்பு, கடைசியாக ஒரு சிறு கிண்ணம் மது. இது தொன்றுதொட்டு வந்த வரிசை என்று நினைக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் மேசையில் ஒரு சுற்றுக்குரிய பதார்த்தங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நிரம்பும், நம் வாழையிலை மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

சமைப்பவருக்கு இந்த வரிசையில் பெரிய வசதி இருக்கிறது. ஒரே ஒரு பதார்த்தம் சூடாக இருந்தால் போதும். முன்னுணவு குளிர்ந்தது, சீஸுக்கு அடுப்பே வேண்டாம், இனிப்பு கடையில் வாங்கியது. நடுவில் வருவது மட்டும் ஓவனிலிருந்து நேரே மேசைக்கு. இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாக அமையும். பிரான்ஸில் கிறிஸ்துமஸ் இரவில் சிப்பி, புகையூட்டிய சால்மன், வாத்து ஈரலில் செய்த ஃபுவா க்ரா என்று தொடங்குவார்கள். எதுவும் அடுப்பேற வேண்டியதில்லை. நடுப் பதார்த்தமும் முதல் நாளே வெந்து, மறுநாள் சூடுபடுத்தினால் ருசி கூடுகிற ரகமாக இருக்கட்டும். ஒயினில் நிதானமாக வேகவைத்த கோழியோ மாட்டிறைச்சியோ அப்படிப்பட்டவை.

சைவ விருந்தினருக்கு நான் சொல்வது கிராத்தான் டொஃபினுவா. ஒரு கிலோ உருளைக்கிழங்கை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாகச் சீவுங்கள். சீவிய பிறகு கழுவக் கூடாது. அந்த மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்கப் போகிறது. அரை லிட்டர் பால், 300 மில்லி கிரீம், உப்பு, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல் சேர்த்து, கிழங்கையும் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். பூண்டை இரண்டாக வெட்டிப் பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் தேய்த்து, வெண்ணெய் தடவி, எல்லாவற்றையும் கொட்டி, 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். கத்தியை நுழைத்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும், மேலே பொன்னிறத் தோல் கட்டியிருக்க வேண்டும். பழைய முறையில் இதற்கு சீஸ் கிடையாது; மேலே தூவி மூடுவது பிற்காலத்துப் பழக்கம். தூவாமல் ஒருமுறை செய்து பாருங்கள். இறக்கியதும் பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் துண்டாக எடுக்க வரும்.

அபெரிதீஃப் நேரத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். கட்லெட், பஜ்ஜி, சமோசா என்று தட்டுத் தட்டாக வந்தால் மேசைக்கு வரும்போது யாருக்கும் பசி இருக்காது. ஆலிவ், வறுத்த பாதாம், கை நுனியில் அடங்கும் இரண்டு மூன்று சீஸ் பிஸ்கட் போதும். குடிப்பவர்களுக்கு கீர் கொடுக்கலாம். பிளாக்கரன்ட் பழ மதுவை அடியில் கொஞ்சம் விட்டு மேலே வெள்ளை ஒயின் ஊற்றுவது. பாதிரியாராக இருந்து, 1945 முதல் 1968 வரை திஜோன் நகர மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீர் வந்தவர்களுக்கெல்லாம் இதைக் கொடுத்ததால் பானத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. குடிக்காதவர்களுக்கு மாதுளை சிரப்பில் குளிர்ந்த சோடா. அதையும் அதே அழகான கோப்பையில் கொடுங்கள், பிளாஸ்டிக் டம்ளரில் வேண்டாம்.

மேசைக்கு அதிகம் சொல்ல இல்லை. வெள்ளை விரிப்பு, எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில் பூ, வாசனை இல்லாத மெழுகுவத்தி. ஊதுபத்தியும் அன்றைக்கு வேண்டாம், சாப்பாட்டின் மணம் கெடும். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் விரிப்பின் மேலேயே வைத்து, கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். முள்கரண்டியின் பற்கள் கீழ்நோக்கி இருக்கும். விருந்தினரில் பிரெஞ்சுக்காரர் இருந்தால் ஒன்று: செவ்வந்தியை மேசைக்கு வைக்காதீர்கள். நவம்பர் முதல் தேதியை ஒட்டிக் கல்லறைகளுக்குக் கொண்டுபோகும் பூ அது.

சீஸ் சுற்றுக்கு முன்னால், அல்லது அதோடு சேர்த்து, வெறும் பச்சை இலை சாலட் வரும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு தேக்கரண்டி திஜோன் கடுகு விழுது. உப்பை முதலில் வினிகரில் கரையுங்கள். எண்ணெய் ஊற்றிய பிறகு போட்டால் கரையாது.

சீஸில் மூன்று வகை போதும்: கெட்டியானது ஒன்று, மிருதுவானது ஒன்று, நீலப்பூசணம் ஓடியது ஒன்று. கொம்தே, பிரீ, ரோக்ஃபோர் கிடைத்தால் சரி. ஆரோவில்லில் தயாராகும் சீஸும் எனக்குக் குறைவாகத் தோன்றியதில்லை. பிரான்ஸில் ஒரு மணி நேரம் முன்னதாக ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பார்கள். சென்னை டிசம்பருக்கு அரை மணி போதும். பிரீ துண்டின் கூர் நுனியை மட்டும் வெட்டி எடுப்பது பெரிய அநாகரிகம். நடுவின் மிருதுவும் ஓரத்துத் தோலும் எல்லோருக்கும் கிடைக்கும்படி நீளவாக்கில் வெட்ட வேண்டும். தட்டு ஒரே ஒருமுறைதான் சுற்றி வரும். ஒரு எச்சரிக்கை: ரோக்ஃபோர், கொம்தே போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கும் மூஸ் இனிப்பில் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இனிப்பை வாங்கலாம் என்றேனே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரக்கட்டை வடிவில் வரும் பூஷ் டி நொயேலைப் பேக்கரியில் சொல்லி வைத்து வாங்குவது அங்கே சர்வ சாதாரணம். அதைவிட நம் வீடுகளுக்குப் பொருத்தம் தென் பிரான்ஸின் ப்ரொவான்ஸ் வழக்கம் என்பேன். அங்கே கிறிஸ்துமஸ் இரவில் பதின்மூன்று இனிப்புகள் வைப்பார்கள். இயேசுவும் சீடர்கள் பன்னிருவரும் கணக்கு. பயந்துவிடாதீர்கள், பாதிக்கு மேல் அடுப்பே தேவையில்லாதவை. உலர் அத்தி, பாதாம், உலர் திராட்சை, அக்ரூட் ஆகிய நான்கும் கட்டாயம். அவை நான்கு துறவியர் சபைகளைக் குறிக்கும். மேலே பேரீச்சை, ஆரஞ்சு, வெள்ளை நூகா, கறுப்பு நூகா, ஆலிவ் எண்ணெய் சேர்த்த இனிப்பு ரொட்டி. அந்த ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். இனிப்புகள் மூன்று நாள் மேசையிலேயே இருக்கும். வருகிறவர் போகிறவர் எடுத்துச் சாப்பிடலாம்.

பெரிய விருந்துக்குத் துணிவில்லை என்றால் ஜனவரி 6-ஐ ஒட்டி கலெட் டெ ருவா செய்து நாலு பேரைக் கூப்பிடுங்கள். கடையில் வாங்கிய பஃப் பேஸ்ட்ரியில் இரண்டு வட்டம். நடுவில் பாதாம் தூள், சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராமோடு இரண்டு முட்டை அடித்த கலவை. ஓரத்தில் ஒரு முழுப் பாதாமைப் புதைத்து, 200 டிகிரியில் அரை மணி. அங்கே புதைப்பது பீங்கான் பொம்மை. குழந்தைகள் உள்ள வீட்டில் பாதாமே நல்லது, பல்லுக்கும் தொண்டைக்கும். வெட்டும்போது வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, இந்தத் துண்டு யாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும். பாதாம் கிடைத்தவர் அன்றைய ராஜா, தலையில் காகிதக் கிரீடம். பிரான்ஸின் குடியரசுத் தலைவர் ராஜாவாகக் கூடாது என்பதால் அவர் இருக்கும் எலிசே மாளிகைக்குப் போகும் கலெட்டில் மட்டும் எதையும் புதைப்பதில்லை. பல இடங்களில் கிரீடம் சூடியவர்தான் அடுத்த கலெட்டுக்குச் செலவு செய்ய வேண்டும். அவர் வீட்டில் என்றைக்கு என்பதைக் காபி வருவதற்குள் பேசி முடித்துவிடுங்கள்.