சுவரொட்டி மட்டும் போதுமா?

கொல்லம் செல்லும் லாரிகள் செங்கோட்டையைத் தாண்டி, புளியறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறுவதைத் தென்காசிப் பக்கத்து மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். நாலாபக்கத்து மக்களும் வந்து போகும் அவ்வூரில், சிபிலிஸ் நோய் பற்றிப் பிரசாரம் செய்யும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? "சாவடியருகே பெரிய சுவரொட்டி ஒட்டுவோம்" என்பீர்கள். அது போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நோயின் தந்திரம்

பறங்கிப்புண் என்று பழைய நாளில் அழைக்கப்பட்ட சிபிலிஸை உண்டாக்குவது, திருகுச் சுருள் வடிவமுள்ள ஒரு பாக்டீரியா. 1905-இல் ஷௌடின், ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் இருவர் அதைக் கண்டறிந்தனர். அது உடலுறவினால் பரவும். கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கும் செல்லும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும்.

கிருமி புகுந்து சுமார் மூன்று வாரத்தில் புண் ஒன்று தோன்றும். அதில் பெரும்பாலும் வலி இராது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆனால் கிருமி உடலிலேயே தங்கியிருக்கும். பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். ஆகவே, "புண் இருந்தால் வாருங்கள்" என்ற அறிவிப்பு பலரைத் தவறவிடும். "புண் இல்லாவிட்டாலும் இரத்தத்தைச் சோதியுங்கள்" என்பதே சரியான செய்தி.

2022-இல் உலகில் சுமார் 7 லட்சம் குழந்தைகள் கருவிலேயே இந்நோய்க்கு ஆளாயின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தாய்க்கு உரிய காலத்தில் பென்சிலின் ஊசி போட்டால் இதைத் தடுக்க முடியும்.

சங்கிலிக் கணக்கு

நோயுள்ள கர்ப்பிணிகள் 1000 பேர் என்று கொள்வோம். செய்தி கேட்டு வருதல், இரத்தம் கொடுத்தல், முடிவறிய மீண்டும் வருதல், ஊசி போட்டுக்கொள்ளல் என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 80 பேர் தேறுவதாக வைத்துக்கொண்டால், 1000 என்பது 800, 640, 512 என்று குறைந்து, இறுதியில் ஏறக்குறைய 410 ஆகிவிடும்!

சுவரொட்டி முதற்படிக்கே உதவும். அதனால் 1000 பேரும் வந்துவிட்டாலும் ஊசி பெறுவோர் 512 பேர்தாம். மூன்றாம் படியை அடியோடு நீக்கினாலும் அதே 512 கிடைக்கும். எது எளிது? விரல்நுனி இரத்தத்தில் செய்யும் துரிதச் சோதனை சுமார் 20 நிமிடத்தில் முடிவு தரும். முன்பு குணமானவரிடமும் அது நோய் காட்டக்கூடும், எனவே வி.டி.ஆர்.எல். போன்ற சோதனையும் தேவை. ஆயினும் கர்ப்பிணிக்கு முதல் ஊசியை அன்றே போட்டுவிடலாம். "காத்திருங்கள், இன்றே முடிவு" என்ற வாசகம் சுவரொட்டியில் இடம்பெறுவது எவ்வளவு அவசியம்!

பெயரும் ஒரு செய்தி

2000-களின் தொடக்கத்தில், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி தமிழகமெங்கும் விளம்பரமாகி மக்களைப் பேசவைத்தது. இது முதற்படிக்கான உத்தி. எச்.ஐ.வி. சோதனை நடக்கும் இடத்துக்கு நம் மாநிலத்தில் "நம்பிக்கை மையம்" என்று பெயர். வாசலில் நோயின் பெயர் இல்லாததால் உள்ளே நுழையக் கூச்சம் குறைகிறது. இது இரண்டாம் படிக்கு உதவும். சந்தேகம் கேட்க விரும்புவோர் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

செய்து பாருங்கள்: நான்கு படிகளிலும் 80 என்பதை 90 ஆக உயர்த்தினால் எத்தனை பேர் ஊசி பெறுவர்? விடை 656. ஒரு படியை முழுமையாக்குவதைவிட, எல்லாப் படிகளையும் சிறிது சிறிது திருத்துவது மேல் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?