ஒரு சாண் மாதிரித் துண்டு, ஒரு ஸ்வெட்டரைக் காப்பாற்றும்
(தொழில் பாடம்: வீட்டுப் பின்னல் மெஷினில் குளிர்கால உடைகள்)



நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் கார்த்திகை பிறந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். பள்ளிப் பிள்ளைகள், தோட்ட வேலைக்கு விடியலில் போகிறவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் கம்பளி உடை தேவை. மலையில் இருக்கும் நம் குழுக்களுக்கு இது நல்ல தொழில். ஆனால் அளவு தப்பினால் நூலும் போச்சு, நாலு நாள் உழைப்பும் போச்சு, கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். அதனால் இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதுதான் மாதிரித் துண்டு.

மெஷின் என்ன செய்கிறது?

நெசவில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழையும். திருப்பூர் பனியன் துணியும் இப்படித்தான். வீட்டு மெஷினில் ஊசிகள் ஒரே வரிசையில் படுத்திருக்கும். ஒவ்வொரு ஊசி முனையிலும் ஒரு கொக்கியும், திறந்து மூடும் சின்ன நாக்கும் இருக்கும். கேரேஜை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு வரிசை முடிந்தது. வீடுகளில் அதிகம் இருக்கும் மெஷினில் 200 ஊசிகள், ஊசிக்கு ஊசி இடைவெளி 4.5 மில்லிமீட்டர்.

கேரேஜில் இருக்கும் டயல் எண்தான் கண்ணி பெரிதா, சிறிதா என்று முடிவு செய்கிறது. "அக்கா, நீங்க எந்த நம்பர்ல வச்சுப் போடுறீங்க?" என்று கேட்டு அதே எண்ணை வைத்தால் போதாது. நூல் மாறினால் கண்ணி மாறும். மெஷின் மாறினாலும் மாறும். ஒரே கம்பெனி நூலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும்கூட வித்தியாசம் வரலாம்.

மாதிரித் துண்டு போடும் முறை

1. உடைக்கு வாங்கிய அதே நூலை எடுங்கள். சிட்டமாக இருந்தால் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுற்றினால் நூல் வெட்டி வெட்டி வரும், கண்ணி ஒரே மாதிரி விழாது. நூல் சொரசொரப்பாக இருந்தால் அதன்மேல் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

2. 60 ஊசியில் கண்ணி போட்டு 80 வரிசை பின்னுங்கள். சுமார் ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம் வரும். டயல் எண்ணைச் சீட்டில் எழுதித் துண்டோடு கட்டி வையுங்கள்.

3. மெஷினில் இருந்து எடுத்தவுடன் அளக்காதீர்கள். எடைக்கட்டி இழுத்ததில் துண்டு நீண்டிருக்கும். ஒரு ராத்திரி சும்மா கிடக்கட்டும். பிறகு வாங்குகிறவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து, தொங்கவிடாமல் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

4. ஓரம் சுருண்டுகொள்ளும். அதனால் நடுவில் 10 சென்டிமீட்டர் அளந்து, அதற்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள்.

கணக்கு இதுதான்

10 சென்டிமீட்டரில் 28 கண்ணி, 40 வரிசை வந்தது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் மார்புச் சுற்றளவு 70 செ.மீ. உள்ளே சட்டை போட்டுக்கொள்ள, கையை வீசி விளையாட 10 செ.மீ. தளர்வு சேர்த்தால் 80 செ.மீ. முன்பக்கம் 40, பின்பக்கம் 40.

40 செ.மீ.க்கு 112 கண்ணி. ஓரத் தையலுக்கு 2 சேர்த்தால் 114 கண்ணி. இடுப்புப் பட்டிக்கு மேல் 40 செ.மீ. உயரம் வேண்டுமானால் 160 வரிசை.

துண்டு போடாமல் இதே 114 கண்ணியை வேறு நூலில் போட்டால்? அந்த நூலில் 10 செ.மீ.க்கு 25 கண்ணிதான் வருகிறது என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 45 செ.மீ. ஆகிவிடும். சுற்றளவு 80க்குப் பதில் 90. தம்பிக்குப் போட்டது அண்ணனுக்குத்தான் ஆகும்! மூன்றே கண்ணி வித்தியாசம் செய்யும் வேலை இது.

துண்டு இன்னொரு உதவியும் செய்யும். கடைத் தராசில் அதை நிறுத்துப் பாருங்கள். 12 கிராம் இருந்து, முழு ஸ்வெட்டர் அதைப் போல் 15 மடங்கு பரப்பு என்றால் 180 கிராம் நூல் போகும். கழிவுக்கும் சேர்த்து 200 கிராம் வாங்குங்கள். மொத்த நூலையும் ஒரே தடவையில், லேபிளில் ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகத் தெரியும்.

இறுக்கமாகப் பின்னினால் கதகதப்பா?

பலர் அப்படி நினைக்கிறோம். ஆனால் குளிரைத் தடுப்பது நூலுக்கு நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றுதான். மிகவும் இறுக்கினால் உடை பலகை மாதிரி ஆகிவிடும், காற்று தங்க இடம் இருக்காது. மிகவும் தளர்ந்தால் குளிர்காற்று உள்ளே புகுந்துவிடும். துண்டைக் கையில் பிடித்து இழுத்து விடுங்கள். பழைய நிலைக்கே திரும்பி வந்தால் டயல் எண் சரி.

ஆட்டுக் கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் உடம்பில் ஈரம் தெரியாது. ஆனால் வெந்நீரில் அலசிக் கசக்கினால் சுருங்கிவிடும். அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைப்பது சுலபம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டுபோய் உயிர் இல்லாமல் ஆகிவிடும். நெருப்புப் பட்டால் உருகி, தோலில் ஒட்டிக்கொள்ளும். மலையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிறோம் இல்லையா? அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்ட பிள்ளையை அடுப்புப் பக்கம் விடாதீர்கள் என்று வாங்குகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விலை போடும்போது

நூல் கிலோ 500 ரூபாய், ஒரு நாள் கூலி (8 மணி நேரம்) 400 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

நூல் 200 கிராம் – ரூ.100
6 மணி நேர உழைப்பு – ரூ.300
பட்டன், தையல் நூல் – ரூ.10
மெஷின் தேய்மானம், பராமரிப்பு – ரூ.30
மொத்த அடக்கம் – ரூ.440

"வீட்டுல சும்மாதானே உட்கார்ந்து போடுறோம்" என்று உழைப்பை விட்டுவிட்டால் 140 ரூபாய்தான் அடக்கம் என்று தோன்றும். 200 ரூபாய்க்கு விற்றுவிட்டு லாபம் என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் அது நம் கூலியில் 240 ரூபாய் நஷ்டம்.

லூதியானாவில் இருந்து வரும் ஸ்வெட்டரோடு விலையில் போட்டி போடுவது கஷ்டம். அது பெரிய ஆலையில் குவியலாகத் தயாராகிறது. ஆனால் குவியலில் கிடைக்காதது ஒன்று உண்டு: ஆளுக்கு ஏற்ற அளவு. பள்ளிச் சீருடை நிறத்தில் ஸ்வெட்டர், பாட்டிக்கு முன்பக்கம் பட்டன் வைத்தது, குழந்தைக் குல்லாய், கிழிந்ததைச் சரிசெய்து கொடுப்பது, இவைதான் நம் சந்தை. அளவு சரியாக இருந்தால் ஒரு வீட்டார் பத்து வீட்டாருக்குச் சொல்வார்கள்.

மார்கழி குளிருக்கு மார்கழியில் பின்ன முடியாது. ஆடியிலேயே பள்ளிகளில் ஆர்டர் கேளுங்கள். ஆவணி, புரட்டாசியில் பின்னுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் மெஷினில் ஒவ்வொரு நூலுக்கும் டயல் எண், கண்ணி, வரிசை எழுதிய நோட்டு இருக்கிறதா?
* போன குளிர்காலத்தில் விற்காமல் தங்கியவை எத்தனை? அளவு தப்பியதாலா, விலையாலா?
* விலையில் உழைப்புக் கூலியைச் சேர்த்தோமா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மாதிரித் துண்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். சீட்டோடு ஒரு பையில் சேர்த்து வைத்தால், புதிதாகச் சேரும் சகோதரிக்கு அதுதான் பாடப் புத்தகம்.