தண்ணீரின் பின்னால் போ, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

விடுமுறைக்கு நண்பர்களோடு லிஸ்பனிலிருந்து ஃப்ளோரஸ் தீவுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். எந்த ஏரி, எந்த அருவி என்று பட்டியலும் கேட்டிருந்தாய். பட்டியல் உன் கைப்பேசியிலேயே கிடைக்கும். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அங்கே எந்த நீரைப் பார்த்தாலும், இது எப்படி இங்கே வந்தது, எது இதைப் பிடித்து வைத்திருக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று யோசித்துக்கொண்டே நட. அந்தத் தீவின் அழகு முழுக்க இந்த மூன்று கேள்விக்குள்தான் இருக்கிறது.

இந்தோனேசியாவிலும் ஃப்ளோரஸ் என்று ஒரு பெரிய தீவு உண்டு. நீ போவது போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் மேற்குக் கோடியில் இருக்கும் சின்னத் தீவு. பரப்பு 143 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 3,400 பேர். அட்லாண்டிக்கின் அடியில் வடக்குத் தெற்காக ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. அசோர்ஸின் ஒன்பது தீவுகளில் ஏழு அதற்குக் கிழக்கே இருக்கின்றன. ஃப்ளோரஸும் பக்கத்துக் கொர்வோவும் மட்டும் மேற்கே, வட அமெரிக்கப் புவித்தட்டின்மேல் நிற்கின்றன. அரசியல் வரைபடத்தில் ஐரோப்பா, நிலவியல் வரைபடத்தில் அமெரிக்கா.

இங்கே தண்ணீரைக் கொண்டுவருவது கடற்காற்று. ஈரக்காற்று நடுமலையில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. உச்சியான மொர்ரோ ஆல்ட்டோவின் உயரம் 914 மீட்டர்தான். ஆனாலும் சுற்றிலும் கடல் என்பதால் அந்த உயரமே போதும். மழை பெய்யாத நாளிலும் பனிமூட்டம் வந்து அசோர்ஸுக்கே உரிய குட்டையான ஜூனிபர் மரங்களில் படிந்து சொட்டும். கீழே தரையெல்லாம் ஸ்ஃபாக்னம் என்ற பாசி மெத்தை. தன் உலர்ந்த எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு நீரை அது தாங்கும். பெய்த மழையை உடனே ஓடவிடாமல் வைத்திருந்து மெல்ல மெல்லக் கசியவிடும். கோடையில் மழை குறையும் நாட்களிலும் பெரிய ஓடைகள் வற்றாமல் இருப்பதில் இந்தப் பாசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் பாதையை விட்டு அதன்மேல் கால் வைக்காதே. உன் காலடி பட்டு நசுங்கிய இடம் தேற வருடங்கள் ஆகும்.

ஆனால் மழை மட்டும் இருந்தால் ஏரி வந்துவிடாது. அதே அசோர்ஸில் பிக்கோ தீவு இருக்கிறது. போர்ச்சுகலிலேயே உயரமான மலை அங்கேதான், 2,351 மீட்டர். மழைக்கும் அங்கே குறைவில்லை. ஆனாலும் வருடம் முழுவதும் ஓடும் ஆறு என்று சொல்லிக்கொள்ள அங்கே அநேகமாக எதுவும் கிடையாது. காரணம் வயது. பிக்கோ இளைய தீவு. அதன் எரிமலைக் குழம்புப் பாறை வெடிப்பும் துளையுமாக இருப்பதால் விழுந்த மழை நேரே உள்ளே இறங்கிவிடும். ஃப்ளோரஸின் கடலுக்கு மேலுள்ள பாறைகளில் பழையவை சுமார் இருபது லட்சம் ஆண்டு கண்டவை. நாள்பட்டுச் சிதைந்த பாறை களிமண்ணாகித் துளைகளை அடைத்துவிட்டது. தண்ணீர் மேலேயே தங்குகிறது. ஃப்ளோரஸின் பச்சைக்கு மழையைவிடப் பெரிய காரணம் இந்தக் களிமண் என்பது என் எண்ணம்.

ஏரிகள் மொத்தம் ஏழு: நெக்ரா, கொம்ப்ரீதா, பிராங்கா, சேக்கா, ஃபுண்டா, ராசா, லோம்பா. பெரும்பாலானவை எரிமலை வாய்கள். மேலேறி வந்த நெருப்புக் குழம்பு வழியில் நிலத்தடி நீரைத் தொட்டால் நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பூமியைப் பிளந்துகொண்டு வெடிக்கும். அப்படித் தோண்டப்பட்ட பள்ளத்தில் சாம்பலும் சேறும் படிந்து அடியை அடைக்க, பிறகு மழை நிரப்பும். கடைசி வெடிப்புகள் நடந்து சுமார் 3,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. நெக்ராவின் ஆழம் 100 மீட்டருக்கும் மேல். கரை சட்டென்று செங்குத்தாக இறங்கும். நீந்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது ஃபுண்டாவையும் ராசாவையும் சேர்த்துப் பார்க்கும் மேட்டில். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம். ராசா மேலே, ஆழம் குறைந்தது. ஃபுண்டா கீழே செங்குத்தான சுவர்களுக்குள் கிடக்கிறது. அதன் நீர் பல நாட்களில் பச்சையாக இருக்கும். படத்துக்கு அந்தப் பச்சை அழகுதான், ஆனால் அது நோயின் நிறம். மேய்ச்சல் நிலத்தின் சாணமும் உரமும் மழையோடு ஏரிக்குள் இறங்குகின்றன. அதில் இருக்கும் பாஸ்பரஸைத் தின்று நுண்பாசி பெருகுகிறது. செத்த பாசி அடியில் போய் மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. கோடையில் மேலே இளஞ்சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்பதால் புதிய ஆக்சிஜனும் அடிக்குப் போகாது.

இதில் மீனுக்கும் பங்கு உண்டு. கண்டத்திலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் தீவுகளுக்கு நன்னீர் மீன் எப்படி வரும்? கடலில் பிறந்து ஆற்றில் ஏறும் விலாங்கு ஒன்றுதான் அசோர்ஸ் நன்னீரில் இயல்பாக இருந்த மீன். மற்றதெல்லாம் மனிதர் கொண்டுவந்து விட்டவை. அவை ஏரியின் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தின்றுவிட, அந்தப் பூச்சிகள் தின்ன வேண்டிய பாசி தடையில்லாமல் வளர்கிறது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்து இழுப்பதைக் கண்ணால் பார்க்க இந்த மேட்டைவிட நல்ல வகுப்பறை உனக்குக் கிடைக்காது. தீவு 2009-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு மட்டும் ஃபுண்டாவைத் தெளியவைத்துவிடாது. மேட்டில் மாடு எங்கே மேய்கிறது என்பதை ஊரார் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

இனி அருவி. தீவின் மேற்கே, இன்றைய கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு நெடிய பாறைச்சுவர் நிற்கும். ஒரு காலத்தில் அலை அரித்த கடற்சுவர் அது. அதன் காலடியில் எரிமலைக் குழம்பும் சரிந்த மண்ணும் சேர்ந்து உண்டான சமவெளியில்தான் ஃபஜா கிராண்டே ஊர் இருக்கிறது. மேலே பாசி கசியவிட்ட நீரெல்லாம் ஓடையாகி இந்தச் சுவரின் விளிம்புக்கு வந்து, வேறு வழியில்லாமல் விழுகிறது. ரிபெய்ரா தோ ஃபெரெய்ரோ குளத்தின் முன்னால் நின்றால் பச்சைச் சுவரில் பல அருவிகள் பக்கம் பக்கமாக இறங்குவதைப் பார்ப்பாய். பழைய கல்பாதையில் மரநிழலில் சிறிது தூரம் ஏறினால் போதும். மழை விட்ட மறுநாள் காலை போ.

நேரம் இருந்தால் நெக்ரா, கொம்ப்ரீதா ஏரிகள் தெரியும் மேட்டில் தொடங்கி பொசோ தோ பக்கல்யாவ் அருவியடியில் முடியும் நடைபாதையில் போ. சுமார் ஏழு கிலோமீட்டர். அருவியின் உயரம் ஏறக்குறைய 90 மீட்டர். மேலே ஈரநிலத்தில் கசிந்த நீர் கீழே கடலுக்குப் போகும் வரை கூடவே இறங்கி வரலாம். பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே ஊரில் விசாரித்துக்கொள். பெருமழைக்குப் பின் மண் சரியும். அருவிக்கு நேர் கீழே நிற்காதே, கல் விழும். ஒரு ஏரியில் நனைந்த செருப்பைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஏரியில் வைக்காதே, வேண்டாத உயிர்கள் அப்படித்தான் பரவுகின்றன. மூட்டம் எதையும் காட்டாவிட்டால் திரும்பிவிடாமல் சற்றுக் காத்திரு. காற்று மாறினால் ஏரி சட்டென்று தெரியும்.

கடைசியாக ஒன்று. அங்கே வானிலை வைத்ததுதான் சட்டம். 2019 அக்டோபரில் வந்த லொரென்சோ புயல் தீவின் லாஜஸ் துறைமுகத்தையே உடைத்துப் போட்டது. சாதாரண நாட்களிலும் காற்றும் மூட்டமும் விமானத்தை நிறுத்திவிடும். திரும்பி வந்த மறுநாளே தேர்வு இருப்பதுபோல் டிக்கெட் போடாதே, இடையில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். மலையிறக்கங்களில் போன் எடுக்காமல் போகலாம் என்று அம்மாவிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா