தேக்கில் ஒரு ‘ட’

அன்புள்ள தம்பிக்கு,

‘ட’ என்ற எழுத்தைத் தேக்குப் பலகையிலிருந்து தனியாக வெட்டியெடுத்தால் அதன் ஓரத்தில் ஆறு மூலைகள் வரும். ஐந்து வெளிமூலை, ஒன்று உள்மூலை. வீட்டுப் பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டப் பழகுகிறவர்கள் ‘ழ’வைப் பார்த்துத்தான் தயங்குவார்கள். ஆனால் ஸ்க்ரோல் ரம்பத்தில் வளைவு எளிது; மூலைதான் கடினம். வளைவில் நேரும் சிறு பிசகை உப்புத்தாள் மறைத்துவிடும். மூலை அரை மில்லிமீட்டர் உருண்டால்கூட எழுத்தே மழுங்கித் தெரியும்.

இந்த ரம்பத்தின் பிளேடு 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பட்டை. எண் ஏற ஏற அகலமும் தடிமனும் ஏறும். 5ஆம் எண் பிளேடு ஏறத்தாழ 1 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. தடிமன். நின்ற இடத்திலேயே மரத்தைச் சுழற்றினால், பிளேடு தன் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான விட்டத்தில் ஒரு துளையை விட்டுவிடும். மூலை கூராக வேண்டுமானால் சன்னமான பிளேடு வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் 18 மி.மீ. தேக்கில் 1ஆம் எண் பிளேடை ஓட்டினால் அது வில்லாய் வளையும், சூடேறும், அறுந்தும் போகும். அந்தத் தடிமனுக்கு 5 அல்லது 7 பொருத்தம், 6 மி.மீ. பலகைக்கு 2 அல்லது 3 போதும். அடிமுனையில் சில பற்கள் மேல்நோக்கி அமைந்த பிளேடு கிடைத்தால் அடிப்பக்கம் சிலும்பாது. சுற்றிலும் பல்லுள்ள முறுக்குப் பிளேடு எல்லாத் திசையிலும் வெட்டும். தடம் அகலமாகவும் ஓரம் சொரசொரப்பாகவும் போவதால் கூர்மூலைக்கு அது உதவாது.

மூலை கெடுவதற்கு முதற்காரணம் கையின் அவசரம். கடின மரத்தை முன்னே தள்ளும்போது பிளேடின் நடுப்பகுதி பின்னுக்கு வளைகிறது. அந்த வளைவோடு திரும்பினால் மேலே மூலை கோட்டில் இருக்கும், மரத்துக்குள்ளே இடம் மாறியிருக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு இது தெரியாது. துண்டைப் புரட்டினால்தான் தெரியும். ஆகவே மூலையைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே தள்ளுவதைத் தளர்த்த வேண்டும். மூலையில் ரம்பத்தை நிறுத்தாமல், மரத்தை மட்டும் ஓரிரு நொடி அசையாமல் பிடித்தால் பிளேடு தானே நிமிர்ந்துகொள்ளும். அதன் பிறகே திருப்பம். சத்தத்திலேயே இது பிடிபடும்: பாரம் ஏறிய முனகல் போய், வெறுமனே ஓடும் ஒலி வரும்.

மேஜை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தடித்த துண்டு ஒன்றில் 2 மி.மீ. ஆழம் மட்டும் அறுத்து, அதை அரைவட்டம் திருப்பிப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோனால், அறுத்த தடத்துக்குள் பிளேடு தடையின்றி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மேஜை சாய்ந்திருக்கிறது. பிளேடைச் சுண்டினால் ‘டிங்’ என்ற கூர்மையான ஒலி வரும்வரை இழுவையும் வேண்டும். தொய்ந்த பிளேடில் நல்ல மூலை கிடைக்கவே கிடைக்காது.

வெளிமூலைக்கு வழி எளிது. கோட்டின் முடிவில் நிற்காமல் கழிவுப் பக்கத்துக்குள் நேராக ஓட்டி, அங்கே சிறு வளையம் போட்டுத் திரும்பி, அடுத்த கோட்டில் நேராக நுழைய வேண்டும். மூலையில் திருப்பமே நேர்வதில்லை. இரண்டு நேர்வெட்டுகள் ஒன்றையொன்று கடக்கின்றன, அவ்வளவுதான். ‘ட’வின் ஐந்து வெளிமூலைகளும் இப்படியே வரும். மரரேகைக்குக் குறுக்கே நீளும் ஒல்லியான கூர்முனை மட்டும் உடையக்கூடும் என்பதால் அதைக் கடைசியில் வெட்டுவது நல்லது.

உள்மூலையில் வளையம் போட முடியாது. கோட்டைத் தாண்டினால் எழுத்துக்குள்ளேயே கீறல் விழும். ‘ட’வில் அந்த இடம் இரு பக்கமும் திறந்திருப்பது வசதி. மேலிருந்து செங்குத்துக் கோட்டில் மூலைவரை வந்து, ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்த தடத்தில் பின்வாங்க வேண்டும். பிறகு வலப்புறமிருந்து படுக்கைக் கோட்டில் அதே மூலைக்கு வந்தால் கழிவுத்துண்டு தானாக விழும். ‘க’வின் சுழிபோல மூடிய இடத்துக்குக் கழிவுப் பகுதியில் துளையிட்டுப் பிளேடை நுழைக்க வேண்டும். உள்ளே மூலை இருந்தால், ஒரு கோட்டில் வந்து பின்வாங்கி, கழிவுக்குள் வளைந்துபோய், மறுபக்கமிருந்து மூலையைச் சேர வேண்டும்.

நின்ற இடத்தில் சுழற்றியே தீரவேண்டிய நிலையில் மரத்தை மயிரிழை நம் பக்கம் இழுத்து, பிளேடின் முதுகு மட்டும் மரத்தைத் தொடும்படி பிடித்துச் சட்டென்று சுழற்றலாம். பல்லுக்கு வேலை கொடுக்காதவரை பிளேடு வெட்டாது. மெதுவாகச் சுழற்றினால் உராய்வில் மூலை கருகும். ஈட்டி போன்ற அடர்ந்த மரத்தில் இது இன்னும் சீக்கிரம் நேரும். மரத்தில் ஒட்டிய எழுத்து வரைபடத்தின்மேல் ஒட்டும் பேக்கிங் டேப் கருகலை நன்றாகவே குறைக்கிறது.

தேக்கில் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் பல் விரைவில் மழுங்கும். தள்ள வேண்டியிருக்கிறது என்று கை உணர்ந்ததும் பிளேடை மாற்றிவிட வேண்டும். கெட்டுப்போன எழுத்தைவிடப் பிளேடு மலிவு. தேக்கு, ஈட்டி இரண்டின் தூளும் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரக்கூடியவை. முகக்கவசமின்றி உட்காரக் கூடாது.

பெயர்ப்பலகையில் கைவைக்கும் முன் கழிவுத் துண்டுகளில் பத்து ‘ட’ வெட்டி, ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கவும்.

அன்புடன்,
அண்ணன்