விருந்தினர்க்கு ஞாயிறு மதிய உணவு: சிக்கனமும் சிறப்பும்



விருந்தினர் வருகை நம் இல்லங்களுக்கு மகிழ்ச்சியைக் கொணர்வது. கூடவே சிறிது கலக்கத்தையும் கொணர்வது. வாரம் முழுவதும் தறியிலோ வயலிலோ தொழிற்சாலையிலோ உழைத்த குடும்பத்திற்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் உறவினர் ஒருவரை ஒருவர் கண்டு அளவளாவ வாய்ப்பதும் அந்நாளில்தான். சம்பந்தி வீட்டார் வருகின்றனர் என்றால் நமக்கு இரண்டு வழிகளே புலப்படுகின்றன. கைம்மாற்று வாங்கியேனும் கறியும் நெய்யும் மிகுதியாக வாங்குவது ஒன்று. இல்லத்தரசி விடியல் முதல் மதியம் வரை அடுப்பை விட்டு அகலாமல் நிற்பது மற்றொன்று. முன்னதில் சேமிப்புக் கரைகிறது. பின்னதில் ஓய்வு கரைகிறது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கெனப் பத்துக் குறட்பாக்கள் செய்தார். அவற்றுள் இறுதிக் குறள் பேசுவது உணவின் வகைகளையன்று, விருந்தளிப்போரின் முகத்தையே. கடனை எண்ணி வாடிய முகமும், புகையில் நின்று களைத்த முகமும் விருந்தினர் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆகவே செலவையும் உழைப்பையும் ஒருங்கே குறைத்து, உணவின் சிறப்பைக் குறைக்காத வழி ஒன்று வேண்டும். அத்தகைய வழி ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. மலிவான பகுதியே தக்க பகுதி

ஆட்டின் உடலில் மிகுதியாக உழைக்கும் உறுப்புகள் கழுத்து, நெஞ்சுப் பகுதி, காலின் கீழ்ப்பகுதி ஆகியவை. இவற்றின் இறைச்சி கடினமாயிருக்கும். எலும்பும் சவ்வும் மிகுந்திருக்கும். அதனால் பலர் இவற்றை ஒதுக்கித் தனிக்கறியையே விரும்பிக் கேட்கின்றனர். ஆனால் நீண்ட நேரம் வேகும் உணவிற்கு இவையே ஏற்றவை.

இதற்குக் காரணம் உண்டு. சவ்விலும் தசைநாரிலும் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்துள்ளது. ஈரப்பதத்தோடு கூடிய வெப்பத்தில் பல மணி நேரம் இருக்கும்போது அது சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. கறி மென்மையடைவதும் குழம்பு கெட்டிப்படுவதும் இம்மாற்றத்தினாலேயே. இதற்கு வேண்டுவது கடுந்தீயன்று, காலமே. சவ்வில்லாத தனிக்கறியை இவ்வாறு நெடுநேரம் வேகவைத்தால் அது சாறு வற்றி நாராகிவிடும். எனவே விலை உயர்ந்த கறியை இம்முறையில் சமைப்பது பணத்தையும் சுவையையும் சேர்த்து இழப்பதாகும்.

இவ்வுண்மையைப் பல நாட்டுக் குடியானவர்களும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பிரான்சு நாட்டில் கடினமான இறைச்சியையும் எலும்பையும் கிழங்கு வகைகளோடு ஒரே பானையிலிட்டு மெல்லிய தீயில் வைப்பர். முதலில் சாற்றைப் பருகி, பின்னர் கறியையும் காயையும் உண்பர். 1589 முதல் 1610 வரை அந்நாட்டை ஆண்ட நான்காம் ஹென்றி, ஞாயிறுதோறும் ஒவ்வோர் உழவன் பானையிலும் ஒரு கோழி வேகவேண்டும் என்று விரும்பினான் எனக் கர்ணபரம்பரையாகச் சொல்வர். பிரெஞ்சுக்காரர் ‘ராகு’ எனும் கறிக் கலவை புதுச்சேரி இல்லங்களில் மிளகாய், மஞ்சள், தேங்காய் ஆகியவற்றோடு கலந்து புதுச் சுவை பெற்றது. அவ்வாறே நம் தாளிப்பு வடகமும் கடல் கடந்து சென்று, பிரான்சில் ‘வடுவான்’ என்னும் பெயரில் வழங்குகிறது.

2. சூட்டைக் காக்கும் பெட்டி

நான்கு மணி நேரம் அடுப்பு எரிந்தால் கறியில் மிச்சம் பிடித்தது எரிபொருளில் போய்விடும். இதைத் தவிர்க்கும் வழி மிக எளிது. பாத்திரம் கொதித்தபின் தீ செய்யும் வேலையிற் பெரும்பகுதி, வெளியே கசியும் சூட்டை ஈடுசெய்வதே. அக்கசிவைத் தடுத்துவிட்டால் தீயே தேவையில்லை.

1867ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டார் இத்தகைய பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தனர். உலகப் போர்களின்போது விறகும் நிலக்கரியும் அருகியதால் ஐரோப்பியக் குடும்பங்கள் வைக்கோல் திணித்த பெட்டிகளில் சமைத்தன. நம் நாட்டில் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 1910இல் ‘இக்மிக் குக்கர்’ என்னும் அடுக்குப் பாத்திரத்தை அமைத்தார். அதன் அடியிலிடும் சிறிதளவு கரியின் நெருப்பிலேயே சோறும் பருப்பும் கறியும் மெதுவாக வெந்துவிடும்.

இன்று பல இல்லங்களில் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதனுள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்வதால் கறி விரைவில் வேகும். வேலை நாட்களுக்கு அது சிறந்த துணையே. எனினும் அதற்குக் காவல் வேண்டும். காய்களும் எளிதிற் குழைந்துவிடும். பெட்டிக்கோ காவல் தேவையில்லை; காயும் உருக்குலையாது.

3. பெட்டி செய்யும் முறை

மூடியுள்ள மரப்பெட்டி அல்லது ஆழமான மூங்கிற் கூடை ஒன்றை எடுத்து, உட்புறம் சாக்கு விரித்துக்கொள்க. நன்கு காய்ந்த வைக்கோலை அடியில் ஒரு சாண் உயரத்திற்கு அழுத்தி நிரப்புக. நடுவில் பாத்திரத்தை வைத்து, சுற்றிலும் அரைச் சாணுக்குக் குறையாத கனத்தில் வைக்கோல் திணித்தால் பாத்திரத்திற்கேற்ற குழி அமையும். மேலே மூடுவதற்குத் தடித்த மெத்தை ஒன்று வேண்டும். பழந்துணியில் உறை தைத்து, பஞ்சோ நூல் கழிவோ அடைத்தால் அதுவே போதும். சாயமேறிய கழிவு உணவில் படாதவாறு உறையை நெருக்கமாகத் தைத்தல் அவசியம்.

சூட்டைக் காப்பது வைக்கோலோ பஞ்சோ அன்று. அவற்றின் இடையே அசையாது நிற்கும் காற்றே. கம்பளி கதகதப்பளிப்பது எதனால் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஈரமான வைக்கோல் சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியபின் அதை வெயிலில் உலர்த்துதல் வேண்டும்.

4. சமையல் முறை (ஆறு பேருக்கு)

வேண்டியவை: எலும்போடு கூடிய ஆட்டுக்கறி ½ கிலோ, காய்ந்த மொச்சை ¼ கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், இஞ்சி ஒரு துண்டு, உருளைக்கிழங்கு 3, கேரட் 2, தக்காளி 2, நெல்லிக்காயளவு புளி, தேங்காய் அரைமூடி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, நல்லெண்ணெய், தாளிப்பு வடகம், கறிவேப்பிலை.

மொச்சை ஊறினால் எடை ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே ஒரு கிலோ கறி வாங்க வேண்டிய இடத்தில் அரைக்கிலோ கறியும் அரைக்கிலோ ஊறிய மொச்சையும் நிற்கின்றன. மொச்சையும் புரதம் நிறைந்ததே.

சனி இரவு: மொச்சையை நிறைய நீரில் ஊறவைக்க.

ஞாயிறு காலை 7 மணி: நான்கு லிட்டர் கொள்ளும் கனத்த பாத்திரத்தில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, நசுக்கிய இஞ்சி ஆகியவற்றை வதக்குக. கறியைச் சேர்த்து, அதன் நீர் வற்றிச் சிவக்கும்வரை கிளறுக. தூள்களையும் ஊறிய மொச்சையையும் இட்டு, ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி, உப்பிட்டு, அரைமணி நேரம் நன்கு கொதிக்கவிடுக. பிறகு பெரிய துண்டுகளாக நறுக்கிய காய்களைச் சேர்த்து, மூடியிட்டு, மேலும் 5 நிமிடம் கொதிக்கச் செய்க.

காலை 8 மணி: கொதி அடங்குமுன் பாத்திரத்தைப் பெட்டியில் வைத்து மெத்தையால் அழுத்தி மூடுக. இனி நான்கு மணி நேரம் திறத்தல் கூடாது.

பகல் 12 மணி: பாத்திரத்தை எடுத்து மீண்டும் கொதிக்கவிடுக. தெளிந்த சாற்றில் ஆளுக்கொரு கிண்ணம் எடுத்து மிளகுத்தூள் தூவி வைத்தால் விருந்தின் முதற்பகுதி ஆயிற்று. எஞ்சியதில் புளிக்கரைசலும் தக்காளியும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்தபின் தேங்காய்ப்பால் விட்டு இறக்குக. வடகத்தையும் கறிவேப்பிலையையும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுக. அடுத்த அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும். 1 மணிக்கு இலை போடலாம்.

புளியையும் தக்காளியையும் இறுதியில் சேர்ப்பதற்குக் காரணம் யாதெனில், புளிப்பு மொச்சையை எளிதில் மென்மையாக விடாது என்பதே.

சைவ உணவினர்க்குக் கறிக்குப் பதிலாகச் சேனைக்கிழங்கும், இரட்டிப்பு மொச்சையும் கொள்க.

5. மறக்கலாகாதவை

(அ) பாத்திரம் முக்கால் பங்கேனும் நிறைந்திருத்தல் வேண்டும். குறைவான உணவு விரைவில் ஆறிவிடும்.

(ஆ) அடிப்பாகத்தில் கங்கு ஒட்டியுள்ளதா எனப் பார்த்துத் துடைத்தபின்பே பெட்டியில் வைக்க. வைக்கோலுக்கு ஒரு பொறி போதும்.

(இ) 60 டிகிரிக்குக் கீழ் இறங்கிய உணவில் நோய்க்கிருமிகள் பெருகக்கூடும். திறக்கும்போது உணவு கை பொறுக்காத சூட்டோடு இருத்தல் வேண்டும். வெதுவெதுப்பாக ஆறியிருப்பின் அதை யாருக்கும் பரிமாறலாகாது. பெட்டியில் இரவு முழுவதும் வைப்பதும் தவறு.

6. சங்கத்தார் செய்யக்கூடியது

உழவர் வீட்டில் வைக்கோலும் மொச்சையும் உண்டு. நெசவாளர் வீட்டில் நூல் கழிவு உண்டு. ஒருவரிடம் மிகுந்து கிடப்பது மற்றவர்க்குத் தேவையாயிருப்பதை உணர்ந்து இணைப்பதன்றோ கூட்டுறவு! ஒரு தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி செய்யலாம். விருந்து வரும் வீட்டார் முறைவைத்து அதனை எடுத்துக்கொள்ளலாம். முதன்முறை விருந்தினர் வராத ஒரு ஞாயிறன்று செய்து பார்த்துக்கொள்வது நலம்.

இம்முறையால் அடுப்பெரியும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணியில் அடங்கும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை இல்லத்தரசிக்கு அடுப்பங்கரையில் வேலையில்லை. வந்தவரோடு அமர்ந்து பேச அந்த நான்கு மணி நேரமும் அவருக்குக் கிடைக்கும். விருந்தினர் நாடி வருவதும் அதற்காகவேயன்றோ?

வினாக்கள்

1. கடினமான கறி மெதுவான சூட்டில் மென்மையாவது எதனால்?
2. பெட்டியில் சூட்டைக் காப்பது எது? வைக்கோல் ஏன் உலர்ந்திருத்தல் வேண்டும்?
3. புளியை முதலிலேயே சேர்த்தால் விளைவது யாது?
4. உங்கள் வீட்டில் சென்ற முறை விருந்திற்கு ஆன கறிச் செலவையும் எரிபொருட் செலவையும் கணக்கிட்டு, இம்முறையோடு ஒப்பிட்டு, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.